பழுகாமத்துப் பீங்கான் மணிக்கூடு



உங்கள் வீட்டில் பழைய மணிக்கூடு ஏதும் இருக்கிறதா? சுவரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. அலுமாரியின் மேல்தட்டில், துணியில் சுற்றி வைத்ததாக இருந்தாலும் சரிதான். அது எந்தக் காலத்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? "எங்கட வாப்பிச்சா காலத்தது" என்போம். அதற்கு மேல் கேட்டால், "நூறு வருஷம் இருக்கும்" என்போம். நூறு என்பது நமக்கு ஓர் எண்ணல்ல. "எனக்குத் தெரியாது" என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை!

நானும் ஒருமுறை அப்படித்தான் சொன்னேன். வெறும் பேச்சாக அல்ல, ஓர் அமானிதப் பொருள் யாருக்குச் சேர வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடம் சொன்னேன். அது பிழையாகிப் போனது. அந்தப் பிழையையும் அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

படுவான்கரையிலிருந்து வந்த கேள்வி

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். கடலோரமாக இருப்பது எழுவான்கரை; சூரியன் எழும் பக்கம். வாவிக்கு அப்பால் வயலும் குளமுமாக இருப்பது படுவான்கரை. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் பெரியபோரதீவு வழியாகப் போனால் பழுகாமம் வரும். திரௌபதை அம்மன் கோயிலுக்குப் பெயர்பெற்ற பழந்தமிழ்க் கிராமம். நம்மவர்கள் அங்கு குடியிருக்கவில்லை. ஆனால் நம் முன்னோர் பலருக்கு அந்தப் பக்கத்தில் வயல்கள் இருந்தன. விதைப்புக்கும் வெட்டுக்கும் போய் வாடி போட்டுத் தங்குவார்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்து உறவைத்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது அந்தப் பிட்டு உதிர்ந்துவிட்டது. 1985 இலும் 1990 இலும் இரு சமூகத்துக்கும் நேர்ந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். எங்கள் வயதுப் பிள்ளைகள் படுவான்கரையைப் பெயரால் மட்டுமே அறிந்து வளர்ந்தோம். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர்தான் நான் முதன்முதலாகப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தேன்.

பரீட்சை விடைத்தாள் திருத்தும் நிலையம் ஒன்றில் எனக்குப் பழக்கமானவர் பழுகாமத்து ஆசிரியர் ஒருவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"மௌலவி, அம்மா மோசம் போய் நாப்பத்தொண்டும் முடிஞ்சிது. சாகிறதுக்கு முந்தி ஒரு பொறுப்புச் சொல்லிட்டுப் போயிற்றா. அது உங்கட ஆக்கள்ற விசயம். ஒருக்கா வர ஏலுமா?"

போனேன். உள்வீட்டிலிருந்து ஒரு பொதியைக் கொண்டுவந்து பாயில் வைத்து அவிழ்த்தார். பழைய சேலைத் துணிக்குள் ஒரு பீங்கான் சுவர் மணிக்கூடு. வெள்ளைப் பீங்கானில் நீலச் சித்திரம். ஒரு காற்றாலை, கீழே ஒரு படகு, இரண்டு மரங்கள். நடுவில் வட்டமான முகம், அதன் கீழே சாவித் துவாரம் ஒன்று. ஒரு மூலை உடைந்திருந்தது.

"இது நம்மட சொத்தில்ல மனே, காக்கா ஒராள் அடைக்கலமா வெச்சிட்டுப் போனது, கேட்டு வந்தாக் குடுக்கணும்" என்று அந்தத் தாய் மகனிடம் சொல்லியிருக்கிறார். எந்தக் காக்கா? அது அவருக்கும் தெரியாது. அவர் 1958 இல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே மணிக்கூடு பெட்டகத்துக்குள் இருந்திருக்கிறது. மாமனாரிடம் விவரம் கேட்கும் வயதல்ல. மாமனாரும் அந்த ஆண்டே போய்விட்டார்.

சகோதரிகளே, கவனியுங்கள். அடைக்கலப் பொருள் என்பதால் அந்த அம்மா அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைச் சுவரில் மாட்டவில்லை; ஒருநாளும் சாவி கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கவில்லை. 1990 இல் ஊரைவிட்டு ஓட நேர்ந்தபோது தன் நகைப் பெட்டியை ஓர் இடத்திலும் இந்த மணிக்கூட்டை நெல்மூட்டைக்குள்ளுமாக வைத்துத் தூக்கிச் சென்றிருக்கிறார். மூலை உடைந்தது அந்தப் பயணத்தில்தான்.

நான் செய்த பிழை

ஆசிரியருக்குத் தன் தகப்பன் சொல்லக் கேட்ட இரண்டு பெயர்கள் நினைவிருந்தன. ஒருவர் புடவைப் பொட்டணம் சுமந்து ஊர் ஊராக விற்ற வியாபாரி. இரவில் அவர்கள் வீட்டுத் திண்ணையில்தான் தங்குவாராம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரர் குண்டு போட்ட கலவரத்தோடு அவர் வருகை நின்றுபோனது. ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டதையும், அதே நாளில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டதையும் எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்த வியாபாரி வாவியைக் கடக்கவேயில்லை. மற்றவர் பழுகாமத்துப் பக்கம் வயல் செய்த ஒரு போடியார். 1957 டிசம்பர் வெள்ளத்தோடு அவரும் வரவில்லை. அவருடைய ஆட்கள் வயலை விற்றுவிட்டார்கள்.

இருவரில் யாருடையது?

நான் மணிக்கூட்டின் முகத்தைப் பார்த்தேன். மங்கிய எழுத்துக்குப் பக்கத்தில் எட்டு முனையுள்ள ஒரு சிறு நட்சத்திரம். "உங்கட குர்ஆனிலயும் இப்படி ஒரு நட்சத்திரம் இரிக்குது என்ன?" என்றார் ஆசிரியர். உண்மைதான். மதீனாவில் அச்சாகும் முஸ்ஹஃப்களில் ஹிஸ்பின் ஒவ்வொரு கால் பகுதியும் தொடங்கும் இடத்தில் அந்த அடையாளம் இருக்கும். 60 ஹிஸ்புகளுக்கு 240 கால் பகுதிகள். ஆனால் மணிக்கூட்டில் இருந்தது அதுவல்ல. நட்சத்திரத்தின் நடுவே ஆங்கில ஜே எழுத்து இருந்தது. அது ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரத்து யுங்ஹான்ஸ் நிறுவனத்தின் முத்திரை. 1861 இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1890 இல் எட்டுமுனை நட்சத்திரத்தைத் தன் வணிகச் சின்னமாக்கியது. 1903 அளவில் உலகிலேயே மிகப்பெரிய மணிக்கூட்டு நிறுவனமாக வளர்ந்திருந்தது.

இவ்வளவும் தெரிந்ததே எனக்கு வினையாகிவிட்டது. "1890 இல் பதிவான முத்திரை. பார்வைக்கும் இவ்வளவு பழசு. இது யுத்தத்துக்கு முந்தியதுதான், ஆகவே புடவை வியாபாரியுடையது" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அறிந்ததைக் கொஞ்சமும், அறியாததை நிறையவும் சேர்த்துப் பேசினேன்.

அதோடு விட்டேனா? ஊருக்கு வந்ததும் வியாபாரியின் பேரனைத் தேடிப் போய்க் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தையும் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டார். "வாப்பிச்சாட சாமான் ஒண்டும் எங்களுக்கிட்ட இல்ல மௌலவி" என்றார். அவருடைய மனைவி முன் கூடத்துச் சுவரில் இடம் ஒதுக்கி ஆணியும் அடித்துவிட்டார்.

இதற்கிடையில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் பழுகாமத்துக்குப் போய், "காற்றாலை இருக்கிறது, இது ஒல்லாந்தர் காலத்துச் சாமான்" என்று சொல்லி ஒரு தொகையும் பேசியிருக்கிறார். ஆசிரியர் அசையவில்லை. "விக்கிறதுக்கு இது என்ர இல்ல" என்றாராம்.

முதுகைப் பாருங்கள்

மணிக்கூட்டை ஒப்படைக்க முன்பு அதை ஓட வைத்துவிடலாம் என்று ஆசிரியரின் அனுமதியோடு எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, ஐம்பது வருடமாக மணிக்கூடு திருத்தும் ஒரு காக்காவிடம் கொடுத்தேன். கையில் வாங்கியதும் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை, கவிழ்த்து வைத்தார்.

"மௌலவி, மணிக்கூட்டுக்கு முகம் பொய் சொல்லும். முதுகு பொய் சொல்லாது."

பீங்கானின் பின்புறம் சுண்ணாம்பும் அழுக்கும் படிந்து கிடந்தது. ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தார். பீங்கானிலேயே அழுத்திப் பதித்த எழுத்துகள் தெரிந்தன. சில இலக்கங்கள், அவற்றின் கீழே "வெஸ்டர்ன் ஜெர்மனி" என்ற இரண்டு சொற்கள்.

எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது.

மேற்கு ஜெர்மனி என்ற நாடு எப்போது வந்தது? இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் பங்கிட்டு ஆண்டன. 1949 மே மாதத்தில்தான் மேற்கு ஜெர்மனி தனி நாடானது. 1990 அக்டோபரில் இரண்டு ஜெர்மனிகளும் மறுபடி ஒன்றாகின. ஆகவே அந்தச் சொற்கள் பதிந்த பீங்கான் 1949 க்கு முன் சூளைக்குப் போயிருக்க முடியாது. 1942 இல் வருகையை நிறுத்திய புடவை வியாபாரி அதை எப்படிப் பழுகாமத்தில் வைத்திருப்பார்?

காக்கா அதோடு நிற்கவில்லை. இயந்திரத்தை மூடியிருந்த தகரத்தின் துருப்பிடித்த ஆணியைப் பொறுமையாகக் கழற்றினார். மூடியின் உட்புறத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் அறபு எழுத்துகள்.

"இஸ்மு ஏதும் எழுதி ஒட்டியிருக்காங்க போல" என்றார்.

வாசித்தேன். அது இஸ்முமல்ல, அறபு மொழியுமல்ல. அறபுத்தமிழ்! நம் தமிழையே அறபு எழுத்தில் எழுதும் முறை. அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிக்கொள்வார்கள். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத எத்தனையோ உம்மாமார் அறபுத்தமிழில் கிதாபு ஓதினார்கள், கடிதம் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் மகானீ போன்ற நூல்கள் அந்த எழுத்தில்தான் வீடுகளுக்குள் நுழைந்தன.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சுபஹு தொழுத பின் சாவி கொடுக்க வேண்டும். பன்னிரண்டு திருகுக்கு மேல் வேண்டாம். முள்ளைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. கீழே, ஹிஜ்ரி 1371, றஜப்.

பெயரில்லை. ஒரு பெண்ணின் கை என்று தோன்றியது. ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் இயந்திரம் அது. வாரத்துக்கு ஒருநாளை நினைவு வைத்துக்கொள்ள வெள்ளிக்கிழமையைவிட நல்ல நாள் நமக்கு ஏது?

ஒரு காலத்தைப் பிடிப்பது எப்படி?

இங்கே கொஞ்சம் நின்று, அந்தக் காக்காவின் கடையில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பீங்கான் கோப்பைகளுக்கும் இது உதவும்.

ஒரு பொருளின் காலத்தை அறிய இரண்டு எல்லைகள் வேண்டும். இதற்கு முன் இருக்க முடியாது என்பது முன் எல்லை. இதற்குப் பின் இருக்க முடியாது என்பது பின் எல்லை. வணிக முத்திரை பெரும்பாலும் முன் எல்லையை மட்டுமே தரும். 1890 இல் வந்த நட்சத்திரத்தை 1950 இல் செய்த மணிக்கூட்டிலும் போடுவார்கள்தானே! நான் முன் எல்லையையே பிறந்த தேதியாக எடுத்துக்கொண்டேன்.

இதே பிழையைப் பலர் செய்கிறார்கள். அமெரிக்காவின் அன்சோனியா நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளினில் மணிக்கூடு செய்தது. அதன் அழகிய பீங்கான் மணிக்கூடுகளுக்கு உடல் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து, பிரான்ஸ் அன்டன் மெலம் என்பவரின் ஆலையிலிருந்து வந்தது. அவற்றின் இயந்திரத்தில் 1881 ஜூன் என்று பொறித்திருப்பதைக் கண்டு, "1881 இல் செய்தது" என்பார்கள். அது காப்புரிமை பெற்ற நாள். அதற்குப் பின் எத்தனையோ ஆண்டுகள் அதே தேதியைப் பொறித்து விற்றார்கள். 1929 இல் அந்த நிறுவனத்தின் இயந்திரங்கள் சோவியத் நாட்டுக்கு விற்கப்பட்டன. பீங்கான் ஓரிடத்திலும் இயந்திரம் ஓரிடத்திலும் பிறந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நாட்டின் பெயர் நல்ல சாட்சி. 1887 இல் பிரித்தானியா கொண்டுவந்த சட்டத்தால் ஜெர்மன் பொருள்களில் "மேட் இன் ஜெர்மனி" என்று போடும் வழக்கம் பரவியது. 1891 இலிருந்து அமெரிக்காவும் தன் நாட்டுக்கு வரும் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயரைக் கேட்டது. 1945 முதல் 1952 வரை அந்நியர் வசமிருந்த ஜப்பானின் பொருள்கள் சிலவற்றில் "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் இருக்கும். நம் நாட்டுப் பொருளில் "சிலோன்" என்றிருந்தால் பொதுவாக அது 1972 மே மாதத்துக்கு முந்தியது. அந்த மாதத்தில்தான் நாடு ஸ்ரீலங்கா ஆனது.

சித்திரத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தூரிகையால் தீட்டியதென்றால் கோடு தடித்தும் மெலிந்தும் போகும். அச்சு ஒற்றியதென்றால் ஒரே சீராகவோ சின்னஞ்சிறு புள்ளிகளாகவோ இருக்கும். எங்கள் மணிக்கூட்டின் காற்றாலை அச்சு. ஒல்லாந்தர் 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1796 இல் இலங்கையை முழுதாக ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்களுடைய டெல்ப்ட் நகரத்து நீலப் பீங்கானின் புகழால் பிற்காலத்தில் ஜெர்மானியரும் காற்றாலைப் படம் போட்டுச் சமையலறை மணிக்கூடு செய்து விற்றார்கள். காற்றாலையைக் கண்டதும் ஒல்லாந்தர் காலம் என்பது, ஒட்டகப் படத்தைக் கண்டதும் மக்கத்துச் சாமான் என்பது போலத்தான்!

பீங்கானில் வலைபோல ஓடும் மெல்லிய கீறல்களை வைத்து வயது சொல்லாதீர்கள். வெப்பமும் ஈரமும் பட்டால் நேற்றைய பீங்கானிலும் அது வரும்.

சரி, எங்கள் மணிக்கூட்டின் பின் எல்லை? அதைத்தான் அந்தக் காகிதம் தந்தது. ஹிஜ்ரி ஆண்டை 33 ஆல் வகுத்து, வந்ததை அந்த ஆண்டிலேயே கழித்து, 622 ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். 1371 ஐ 33 ஆல் வகுத்தால் சுமார் 41. கழித்தால் 1330. கூட்டினால் 1952. மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த றஜப் 1952 மார்ச் இறுதியில் தொடங்கியது. ஆக, 1949 க்கு முன்னுமல்ல, 1952 க்குப் பின்னுமல்ல. நான் "நூறு வருஷம்" என்ற மணிக்கூடு மூன்று ஆண்டுக்குள் வந்து நின்றது.

பெயர் சொல்லாமல் கேட்ட கேள்வி

இனிச் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று எளிது, மற்றது கஷ்டம்.

கஷ்டமானதை முதலில் செய்தேன். புடவை வியாபாரியின் பேரனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மஃப் கேட்டேன். மார்க்கச் சட்டத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்! அவர் சிறிது நேரம் சுவரில் அடித்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாப்பிச்சா நாப்பத்திரண்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவேயில்ல. அப்ப இது எங்கட இல்ல. உரிய ஆக்களுக்குக் குடுங்க மௌலவி" என்றார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தேநீர் என் தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டது.

இன்னொரு பிழையும் அப்போதுதான் உறைத்தது. கண்டெடுத்த பொருளின் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நாம் நன்றாக அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும், உரியவன் வந்தால் அடையாளம் கேட்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த வழி. பொருளைக் காட்டிவிட்டு "இது உங்களுடையதா?" என்று கேட்பதல்ல. நான் முதலில் படத்தைக் காட்டினேன். இம்முறை அப்படிச் செய்யவில்லை.

போடியாரின் மகள் எங்கள் ஊரிலேயே பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. என் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

"மூத்தம்மா, உங்கட வாப்பா வயலுக்குப் போகும்போது என்னென்ன கொண்டுபோவார்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ன மனே இப்ப இதக் கேக்காய்?" என்று சிரித்துவிட்டு, விரல்விட்டு எண்ணினார். பாய், முசல்லா, லாம்பு, கிடுகுப்பெட்டி... "மறுகா, காத்தாடி மணிக்கூடு. தொழுகைக்கு நேரம் பாக்க வாடியில மாட்டுவாரு. வெள்ளத்தோட வாடியும் போச்சி, மணிக்கூடும் போச்சி. வாப்பாவும் அந்தக் காய்ச்சல்ல மௌத்தாப் போயிற்றாரு. எனக்கு அப்ப பதினொரு வயசு."

நாங்கள் பேசாமலிருந்தோம். அவரே என்னைக் கூர்ந்து பார்த்துக் கேட்டார்.

"ஏன் மனே, அது கிடக்குதா? உள்ளுக்க எங்கட உம்மா எழுதி ஒட்டின கடுதாசி இரிக்கா?"

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஒப்படைத்த நாள்

பழுகாமத்து ஆசிரியர் தன் தங்கையோடு வந்தார். மணிக்கூட்டை அவரேதான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அது அவருடைய தாயின் பொறுப்பு. நடுவில் நான் யார்? மூத்தம்மா வாங்கி மடியில் வைத்து, மூடியைத் திறக்கச் சொல்லி, அந்தக் காகிதத்தை விரலால் தடவினார். உம்மாவின் கையெழுத்தில் அவரிடம் இருந்தது வேறொன்றுமில்லை.

பெரியவர் ஏன் அந்த ஓராண்டுக்குள் மணிக்கூட்டைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்று பேச்சு வந்தது. மூத்தம்மாவே பதில் சொன்னார். "வீட்டாக்கள் வருவாங்க எண்டு பாத்திருப்பாரு. நாங்க போகல்ல. போயிருந்தா அண்டைக்கே கிடைச்சிருக்கும்." பிறகு ஆசிரியரின் தங்கையைப் பார்த்து, "உன்ட உம்மா ஒருநாளும் ஓட விடல்லயா இத?" என்று கேட்டார். இல்லை என்றதும், "ஓட விட்டிருக்கலாமே மகள், நேரம் பாத்திருக்கலாமே" என்றார். அந்த ஒரு சொல்லில் ஆசிரியர் உடைந்து அழுதுவிட்டார். தாய்க்குக் கிடைக்க வேண்டிய நன்றி, தாய் போன பிறகு வந்து சேர்ந்ததே என்ற அழுகை அது.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் காலப் பொருளென்று நினைத்துப் பேசிய தொகைக்குக் கிட்டவும் வராது. ஆயிரக்கணக்கில் செய்து விற்ற சாதாரண சமையலறை மணிக்கூடு அது. ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "விலை கூடின சாமானெண்டு நினைச்சும் விக்கல்லத்தானே மௌலவி, அது போதும்."

அந்த வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பின் மூத்தம்மா சாவி கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு திருகுதான். நாளொன்றுக்கு நான்கைந்து நிமிடம் பிந்துகிறது. திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டில்...

சகோதரிகளே, பழைய மணிக்கூடு உங்களிடம் இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஓடவில்லை என்று தேங்காயெண்ணெய் விடாதீர்கள். அது பிசினாகிப் பற்களைப் பிடித்துக்கொள்ளும். பீங்கானைச் சாம்பலாலோ கடும் தூளாலோ தேய்க்காதீர்கள்; சித்திரமும் பொன்கோடும் போய்விடும். ஈரத் துணி போதும். முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், பிள்ளைகளைச் சுரண்ட விடாதீர்கள். பழைய பூச்சுகள் பலவற்றில் ரேடியம் என்ற கதிர்வீசும் பொருள் கலந்திருந்தது. உள்ளே ஒட்டிய காகிதத்தையும் தகரத்தில் கீறிய குறிகளையும் அழிக்காதீர்கள். மணிக்கூடு திருத்துபவர்கள் தாம் திருத்திய தேதியை அப்படிக் கீறி வைப்பதுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. உங்களிடம் மற்றவர் பொருள் ஏதும் இருந்தால், யாருடையது, எப்போது வந்தது என்று இன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதனோடு வையுங்கள். உங்கள் பொருள் எங்கேனும் இருந்தால் அதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். வீட்டு மூத்தவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். போடியாரின் மனைவி மூன்று வரி எழுதினார். எழுபது ஆண்டு கழித்து அந்த மூன்று வரிதான் அவர் மகளைத் தேடி வந்தது.

அமானிதத்தைக் காக்கும் மனத்தையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நாவையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.